மூன்று பேரிங், ஒரே காயம்: பீன்யா ப்ளோயர் மோட்டார் கதை

பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் எங்கள் ஷாப்பில் ஒரு ஷாட் பிளாஸ்டிங் மெஷின் இருக்கிறது. வார்ப்புப் பாகங்கள் மேல் சின்னச் சின்ன உருக்குக் குண்டுகளை வீசி, ஒட்டியிருக்கும் மணலையும் துருவையும் உரிக்கிற மெஷின். அதிலிருந்து கிளம்பும் தூசியை உறிஞ்ச ஒரு ப்ளோயர். அந்த ப்ளோயரை ஓட்டுவது 20 எச்.பி. மோட்டார்: 15 கிலோவாட், நாலு போல், நிமிடத்துக்கு 1,460 சுற்று. மூன்று வி-பெல்ட் வழியாக ப்ளோயருக்கு ஓட்டம் போகிறது.

ஆறு வருஷம் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில், அதாவது கிளப்பிவிட்டபின் நேர் லைன் கரண்டில், ஓடிய மோட்டார் அது. அந்த ஆறு வருஷத்தில் பேரிங்கை ஒரே ஒரு முறைதான் மாற்றினோம், அதுவும் ரீவைண்டிங்குக்குப் போனபோது போகிற போக்கில். 2023 ஜனவரியில் முதலாளி அதற்கு வி.எஃப்.டி. டிரைவ் போட்டார், மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற மின்னணுப் பெட்டி. காரணம் நியாயமானது. ஃபேன், ப்ளோயர் மாதிரியான சுமைக்கு வேகத்தைக் குறைத்தால் தேவைப்படும் மின்சாரம் வேகத்தின் கனத்துக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்பக் குறையும். 50 ஹெர்ட்ஸுக்குப் பதில் 40 ஹெர்ட்ஸில் ஓட்டினால் வேகம் 80 சதவீதம். தேவைப்படும் சக்தி ஏறக்குறைய பாதி. எங்களுக்கு 40 ஹெர்ட்ஸ் காற்றே போதும். முதல் மாத பில்லைப் பார்த்ததும் முதலாளி முகம் மலர்ந்தது.

ஜூன் மாதம் மோட்டாரின் டிரைவ் எண்ட் பேரிங், அதாவது பெல்ட் பக்கத்துப் பேரிங், கத்த ஆரம்பித்தது. மாற்றினோம். அக்டோபரில் மறுபடி கத்தியது. மறுபடி மாற்றினோம். 2024 பிப்ரவரியில் மூன்றாவது தடவை.

இந்த மூன்றாவது தடவையைத்தான் விரிவாக எழுதப் போகிறேன். முதல் இரண்டு தடவையும் நான் செய்தது பழுதுபார்ப்பு இல்லை, வெறும் பொருள் மாற்றம்.

சத்தம் எப்படி என்றால், மாவு மெஷினில் கல் சிக்கியது போல ஒரு உறுமல். வேகம் கூடினால் சுருதி ஏறும், குறைந்தால் இறங்கும். மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, மோட்டார் தானாகச் சுற்றி நிற்கும் வரை காது கொடுத்தேன். கரண்ட் போன பிறகும் உறுமல் போகவில்லை, மெல்லத் தணிந்துகொண்டே வந்தது. அப்படியானால் வைண்டிங்கிலிருந்து, அதாவது மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் கம்பிச் சுருளிலிருந்து, வரும் சத்தம் இல்லை, சுற்றுகிற பாகத்தின் சத்தம்தான். வைண்டிங் சத்தமாக இருந்தால் ஸ்விட்சை அணைத்த நொடியே நின்றிருக்கும். காசு செலவில்லாத சோதனை இது, எந்த மோட்டாருக்கும் முதலில் இதைச் செய்துவிடலாம்.

ஒவ்வொரு தடவையும் ஒருவர் மேல் பழி விழுந்தது. ஜூனில் தூசி மேல். ஷாட் பிளாஸ்டிங் பக்கத்தில் இருக்கும் மோட்டாருக்குத் தூசி போகாமல் எப்படி என்று எல்லோரும் தலையாட்டினோம். அக்டோபரில் பெல்ட் மேல். யாரோ பெல்ட்டை அளவுக்கு மீறி இழுத்துக் கட்டிவிட்டார்கள் என்று நானே தளர்த்திக் கட்டி, இரண்டு புல்லியும் ஒரே நேரில் இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்தேன். பிப்ரவரியில் எஸ்.ஜே.பி. ரோட்டு பேரிங் கடைக்காரர் மேல். டூப்ளிகேட் கொடுத்துவிட்டார் என்று நினைத்து, பேரிங் பெட்டியோடு போய் நேருக்கு நேர் கேட்டேன். அவர் நெல்லைப் பக்கத்துக்காரர், வயதானவர். கோபப்படவில்லை. "தம்பி, இருபது வருஷமா இதே கம்பெனி சரக்குதான் விக்கிறேன். நீ பேரிங்கை வெட்டிப் பாத்தியா? வெட்டிப் பாத்துட்டு வா, அப்புறம் பேசுவோம்" என்றார்.

ஷாப்புக்குத் திரும்பி வந்தால் எங்கள் ஃபிட்டர் அண்ணனும் அதையேதான் சொன்னார். அண்ணன் கே.ஜி.எஃப். காரர், கோலார் தங்க வயல். தங்கச் சுரங்கத்தின் வொர்க்‌ஷாப்பில் கை பழகியவர். 2001இல் சுரங்கம் மூடிய பிறகு, அந்த ஊர்க்காரர்கள் பலரையும் போல தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வருகிறவர். மெஜஸ்டிக்கில் இறங்கி, மெட்ரோ பிடித்து, எங்களுக்கெல்லாம் முன்பே ஷாப்பில் இருப்பார். "சுரங்கத்துல ஆளை இறக்குற வைண்டிங் இன்ஜின்ல பேரிங் போச்சுன்னா, ஏன் போச்சுன்னு தெரியாம அடுத்த பேரிங்கை மாட்ட விடமாட்டாங்க. கீழ ஆயிரக்கணக்கான அடியில மனுஷன் நிக்கிறான்" என்றார். ஜூன், அக்டோபர் பேரிங்குகளை நான் பழைய இரும்பில் போட்டிருந்தேன். அண்ணன் அவற்றைப் பொறுக்கி, தேதி எழுதிய பேப்பரில் சுற்றி, தன் டூல் பாக்ஸில் வைத்திருந்தார். எனக்குத் தெரியவே தெரியாது.

அன்று சாயங்காலம் மூன்றையும் வெட்டினோம்.

டிரைவ் எண்டில் இருப்பது 6309 என்ற எண் பேரிங், இருபக்கமும் தகட்டு மூடி, உள்ளே சற்றுக் கூடுதல் இடைவெளி விட்ட சி3 ரகம். உள்விட்டம் 45 மில்லி, வெளிவிட்டம் 100, அகலம் 25. முதலில் பக்கத்துத் தகட்டு மூடிகளைக் குறுகிய உளியால் நெம்பி எடுத்தோம். கிரீஸைத் துடைத்துவிடாமல் ஒரு வெள்ளைக் காகிதத்தில் தனியாக எடுத்து வைத்தார் அண்ணன். அது கன்னங்கரேலென்று, எரிந்த எண்ணெய்ச் சட்டி அடிபோல இருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறப்பு இல்லை. தூசி புகுந்திருந்தால் விரலிலேயே தெரிந்திருக்கும். அவுட்டர் ரேஸை, அதாவது பேரிங்கின் வெளி வளையத்தை, கிரைண்டரில் கட்டிங் வீல் போட்டு இரண்டு இடத்தில் முக்கால்வாசி ஆழம் அறுத்து, தண்ணீர் விட்டு விட்டு ஆற்றி, அப்புறம் வைஸில் வைத்து, மேலே தடித்த சாக்கைச் சுற்றி ஒரே தட்டு. அது கடினப்படுத்திய உருக்கு, வளையாது, கண்ணாடி மாதிரி தெறிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் சாக்கும் இல்லாமல் யாரும் இதைச் செய்யக் கூடாது. மண்ணெண்ணெயில் கழுவி, டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தோம்.

குண்டுகள் ஓடுகிற பள்ளத்துக்குக் குறுக்கே வரிவரியாகக் கோடுகள். தகரக் கூரையின் மடிப்பைச் சுருக்கி உள்ளே ஒட்டியது மாதிரி, ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி. நகத்தை வைத்து இழுத்தால் டிர்ர்ரென்று தட்டுகிறது. குண்டுகளில் பளபளப்பே இல்லை. மூச்சு ஊதிய கண்ணாடி மாதிரி மங்கிப் போயிருந்தன. மூன்று பேரிங்கிலும் இதே வரிகள். ஜூன் பேரிங்கில் கொஞ்சம் மெல்லியதாக, பிப்ரவரி பேரிங்கில் ஆழமாக.

தூசி புகுந்த பேரிங்கில் ஒழுங்கில்லாத கீறலும் சின்னச் சின்ன அமுக்கமும் இருக்கும். பெல்ட் இழுவை அதிகமானால் நின்றபடி இருக்கும் அவுட்டர் ரேஸில் சுமை விழுகிற பக்கம் மட்டும் தேய்ந்து, தோல் உரிகிற மாதிரி செதில் கிளம்பும். சுத்தியலால் அடித்து ஏற்றிய பேரிங்கில் குண்டுக்குக் குண்டு இடைவெளி விட்டு அமுக்கத் தழும்பு விழும். எங்களுடையது இந்த மூன்றிலும் சேரவில்லை. சுற்று முழுக்க, ஒரே சீராக, குறுக்குவரி. மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோது அந்த மங்கல் முழுக்க நுண்ணிய குழிகள் என்று தெரிந்தது. வெல்டிங் பொறி பட்ட இடத்தில் இருக்குமே, உருகி உறைந்த விளிம்புள்ள குழி, அதே மாதிரி.

மின்சாரம் பேரிங் வழியாகப் போயிருக்கிறது.

இன்னொரு சாட்சியும் கண் முன்னாலேயே இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. பெல்ட்டுக்கு மறுமுனையில் ப்ளோயரின் ஷாஃப்ட்டைத் தாங்கும் ப்ளம்மர் பிளாக் பேரிங்குகள் இருக்கின்றன. அதே தூசி, அதே பெல்ட் இழுவை. நாலு வருஷமாக மாதம் ஒரு முறை கிரீஸ் அடிப்பதைத் தவிர அவற்றைத் தொட்டதில்லை. தூசியோ இழுவையோ காரணமாக இருந்தால் அவையும் போயிருக்க வேண்டும். மோட்டாருக்கும் ப்ளோயருக்கும் நடுவே இருப்பது ரப்பர் பெல்ட். அந்தப் பக்கம் மின்சாரம் தாண்டவில்லை, அதனால் பிழைத்திருக்கின்றன.

டிரைவ் வந்த பிறகுதான் இது ஏன் வந்தது என்பதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். மூன்று ஃபேஸ் லைன் கரண்டை நேராகக் கொடுக்கும்போது மூன்று அலைகளையும் எந்த நொடியில் கூட்டினாலும் விடை பூஜ்யம். டிரைவ் அப்படிக் கொடுப்பதில்லை. உள்ளே வரும் 415 வோல்ட்டை முதலில் 560, 590 வோல்ட் டி.சி.யாக மாற்றி, அதை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டி மோட்டாருக்கு அனுப்புகிறது. இந்த வெட்டுத் துண்டுகளைக் கூட்டினால் பூஜ்யம் வராது, மிச்சம் நிற்கும். அந்த மிச்சம் நிற்கிற பாகமான ஸ்டேட்டருக்கும் சுற்றுகிற பாகமான ரோட்டருக்கும் நடுவில் இருக்கிற காற்று இடைவெளியைக் கெப்பாசிட்டர் மாதிரி பயன்படுத்திக்கொண்டு ஷாஃப்ட்டில் ஏறுகிறது. ஷாஃப்ட்டைத் தாங்கி நிற்பது பேரிங்கில் இருக்கும் மெல்லிய கிரீஸ் படலம். வோல்டேஜ் ஏறி ஏறி, ஒரு கட்டத்தில் அந்தப் படலம் தாங்காமல் பொறி தெறிக்கிறது. ஒவ்வொரு பொறிக்கும் ஒரு குழி. இது நொடிக்குப் பல ஆயிரம் தடவை, மாதக்கணக்கில் நடக்கிறது. எங்கள் மோட்டார் எப்போதும் ஒரே 40 ஹெர்ட்ஸில் ஓடுவதால் அந்தக் குழிகள் ஒழுங்கான வரிகளாகச் சேர்ந்துவிட்டன.

சந்தேகம் போதாது, அளந்து பார்க்க வேண்டும். மல்டிமீட்டர் இதற்கு உதவாது, அவ்வளவு வேகமான துடிப்பை அது காட்டாது. எஸ்.பி. ரோட்டில் எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் செய்கிற நண்பர் வோல்டேஜ் துடிப்பைத் திரையில் கோடாக வரைந்து காட்டுகிற கையடக்க ஆசிலோஸ்கோப் ஒன்றோடு ஞாயிற்றுக்கிழமை வந்தார். புதுப் பேரிங் போட்டு மோட்டாரை ஓட்டினோம். பெல்ட் காபந்துக்கு வெளியே, மோட்டாரின் ஃபேன் பக்கத்து ஷாஃப்ட் முனையில், நீளமான பேக்கலைட் கம்பியில் மெல்லிய செம்பு இழைகளைக் கட்டி லேசாக உரசவிட்டோம். ஸ்கோப்பின் எர்த் கிளிப் மோட்டார் பாடியில், பெயிண்ட் சுரண்டிய இடத்தில்.

திரையில் வோல்டேஜ் படிப்படியாக ஏறி 20 வோல்ட்டைத் தாண்டுகிறது, அப்புறம் செங்குத்தாகப் பூஜ்யத்துக்கு விழுகிறது. மறுபடி ஏறுகிறது, மறுபடி விழுகிறது. அந்த ஒவ்வொரு விழுதலும் பேரிங்குக்குள் ஒரு பொறி. நண்பர் திரையை நிறுத்திக் காட்டியபோது அண்ணன் ஒன்றும் பேசாமல் வெட்டிய ரேஸைக் கையில் எடுத்து இன்னொரு தடவை விரலால் தடவினார்.

பழைய ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரை நாங்கள் கழற்றிப் போடவில்லை, பைபாஸாக வைத்திருந்தோம். டிரைவை ஒதுக்கிவிட்டு நேர் லைனில் ஓட்டிப் பார்த்தோம். திரையில் கிட்டத்தட்ட நேர்கோடு. அதற்கு மேல் வாதமே இல்லை.

திங்கட்கிழமை முதலாளி, "அப்ப டிரைவைக் கழட்டிடலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மிச்சமாகிற மின்சாரத்தை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை, ஷாஃப்ட்டில் ஏறும் வோல்டேஜுக்கு பேரிங்கைவிட சுலபமான ஒரு வழி காட்டினால் போதும். டிரைவ் பொருத்தியவர்களைக் கூப்பிட்டுக் கேட்டேன். டிரைவில் எந்தக் குறையும் இல்லை என்றார்கள். உண்மைதான், டிரைவில் குறை இல்லை. கேபிளிலும் எர்த்திங்கிலும் இருந்தது.

டிரைவ் பேனலைத் திறக்கும் முன் ஒரு வார்த்தை. ஸ்விட்சை அணைத்த பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்களில் 500 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். டிரைவின் மேல் எத்தனை நிமிடம் காத்திருக்கச் சொல்லி எழுதியிருக்கிறதோ அத்தனை நிமிடம் காத்திருந்து, டி.சி. முனைகளில் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். அதேபோல கேபிளை மெகர் செய்ய, அதாவது உயர் வோல்டேஜ் கொடுத்து அதன் காப்பைச் சோதிக்க, வேண்டுமென்றால் டிரைவ் பக்க முனைகளைக் கழற்றிவிட வேண்டும். கழற்றாமல் மெகர் அடித்தால் டிரைவ் செத்துவிடும்.

உள்ளே பார்த்தால் மோட்டாருக்குப் போகும் கேபிள் சாதாரண நாலு கோர் கேபிள். எர்த் வயர் மோட்டாரிலிருந்து பக்கத்துத் தூணின் எர்த் பட்டைக்குப் போய், அங்கிருந்து ஷெட்டைச் சுற்றிக்கொண்டு பேனலுக்கு வருகிறது. 50 ஹெர்ட்ஸுக்கு அது பாதுகாப்பான எர்த்தான். ஆனால் டிரைவின் அதிவேகத் துடிப்புக்கு அவ்வளவு நீளமான மெல்லிய வயர் கிட்டத்தட்ட அடைப்பு மாதிரி. அது குறுக்குவழி தேடும்.

முதலில் கேபிளை மாற்றினோம். ஷீல்டு (கம்பிகளைச் சுற்றிய உலோக உறை) உள்ள, மூன்று எர்த் கோர் சமச்சீராகச் சுற்றி வரும் வி.எஃப்.டி. கேபிள். ஷீல்டை முறுக்கி வால் மாதிரி ஒரு போல்ட்டில் கட்டுவது எல்லோருக்கும் பழக்கம். அப்படிச் செய்யாமல், ஷீல்டைச் சுற்று முழுக்கப் பிடிக்கிற கிளாண்டுகளை (கேபிள் நுழையும் இடத்தின் உலோகப் பிடிகளை) இரண்டு முனையிலும் போட்டோம். மோட்டார் பாடியிலிருந்து டிரைவின் எர்த் பட்டைக்கு அகலமான செம்புப் பின்னல் பட்டை ஒன்று, வெகு தூரம் சுற்றாமல் நேராக. டிரைவின் கேரியர் ஃபிரீக்வென்சி, அதாவது நொடிக்கு எத்தனை தடவை வெட்டுகிறது என்பது, 8 கிலோஹெர்ட்ஸில் இருந்தது, 4க்கு இறக்கினேன். வெட்டுகளின் எண்ணிக்கை பாதியானால் பொறியின் எண்ணிக்கையும் குறையும். மோட்டாரில் ஒரு மெல்லிய கீச்சு கூடியது. ஷாட் பிளாஸ்டிங் சத்தத்தில் அது யாருக்குக் கேட்கப் போகிறது?

இவ்வளவும் செய்த பிறகு ஸ்கோப்பில் 20 என்பது 12 ஆகக் குறைந்திருந்தது. போதாது. நான் எதிர்பார்த்ததும் அதுதான். கேபிள் வேலை அடித்தளம், முக்கியமான மருந்து கிரவுண்டிங் ரிங். கார்பன் இழைகளைச் சுற்றிலும் வைத்த ஒரு வளையம். அது எண்ட் கவரில் உட்கார்ந்து, இழைகள் சுழலும் ஷாஃப்ட்டைத் தொட்டபடி இருக்கும். வோல்டேஜ் சேர்வதற்கு முன்பே அந்த இழைகள் வழியாக பாடிக்கு இறங்கிவிடும். செராமிக் குண்டு போட்ட பேரிங், வெளியே காப்புப் பூச்சு உள்ள பேரிங் என்று வேறு வழிகளும் உண்டு. பெரிய மோட்டார்களுக்கு அவற்றையும் சேர்த்தே போடுவார்கள். எங்கள் அளவுக்கு ஒரு பக்கம் ரிங் போதும், விலையும் குறைவு. தூசி இழைகளில் அடையுமோ என்ற பயம் எனக்கு இருந்ததால், எண்ட் கவருக்கு உட்பக்கமாக ரிங்கைப் பொருத்தி, வெளியே ஷாஃப்ட்டில் ஒரு வி-ரிங் ரப்பர் சீலும் போட்டோம்.

பொருத்துகிற இடத்தில் அண்ணன் காட்டிய பொறுமையை எழுத வேண்டும். எண்ட் கவரில் ரிங் உட்காரும் முகத்தில் பெயிண்டும் வார்னிஷும் இருந்தன. எமரி பேப்பரால் தேய்த்து இரும்பு பளபளவென்று தெரியும் வரை விடவில்லை. பெயிண்ட் இருந்தால் ரிங் அலங்காரத்துக்குத்தான். ஷாஃப்ட்டில் இழைகள் தொடும் பட்டையையும் மெல்லிய எமரியால் துடைத்து, மீட்டரில் பாடியோடு தொடர்ச்சி பார்த்து, அதன் பிறகே போல்ட் போட்டார். ஷாஃப்ட் சீட்டை மைக்ரோமீட்டரில் நாலு இடத்தில் அளந்தோம், 45.01. ஹோசிங் 100.02. இரண்டும் சரி. இவ்வளவு தடவை கழற்றி மாட்டியும் சீட் கெடாதது எங்கள் நல்ல நேரம்.

புதிய 6309ஐ இண்டக்‌ஷன் ஹீட்டரில் 110 டிகிரி வரை சூடாக்கினோம். கையுறை போட்டு, ஷாஃப்ட்டில் வைத்து ஒரு தள்ளு. தோள்பட்டை வரை வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. ஆறும்போது பின்வாங்கி இடைவெளி விழாமல் இருக்க, அண்ணன் ஒரு குழாய்த் துண்டை வைத்து இன்னர் ரேஸை அழுத்திப் பிடித்தபடியே நின்றார். ஃபேன் பக்கத்து 6209ஐயும் மாற்றினோம். அதை வெட்டிப் பார்த்ததில் அங்கேயும் மங்கல் ஆரம்பித்திருந்தது, வரிகள் இன்னும் விழவில்லை.

அடுத்த ஞாயிறு ஸ்கோப்பில் 2 வோல்ட், சில சமயம் 3. அந்தச் செங்குத்து வீழ்ச்சியைக் காணவில்லை.

வெட்டிய பிப்ரவரி ரேஸை எடுத்துக்கொண்டு எஸ்.ஜே.பி. ரோட்டுக்குப் போனேன். கடைக்காரரிடம், உங்கள் சரக்கு நல்ல சரக்கு, தப்பு எங்கள் பக்கம் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் வரிகளை நகத்தால் இழுத்துப் பார்த்துவிட்டு, "இதை இங்கேயே வச்சுட்டுப் போ தம்பி. டிரைவ் போட்டுட்டு எங்கிட்ட சண்டைக்கு வர்றவங்க நிறைய பேரு" என்றார். இப்போது அது அவர் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அந்த வருஷம், 2024 அக்டோபரில், ஆயுத பூஜைக்கு மெஷின்களையெல்லாம் கழுவித் துடைத்தோம். அதற்குள் ஏழு மாதத்துக்கு மேல் ஓடியிருந்தது. டிரைவ் வந்த பிறகு முந்தைய பேரிங்குகளில் எதுவும் ஐந்து மாதத்தைத் தாண்டியதில்லை. ஸ்கோப் வைத்தால் அதே 3 வோல்ட். கம்ப்ரஸர் மோட்டாரிலும் டிரைவ் இருப்பதால் அதையும் அளந்தோம். அங்கே 9 வோல்ட் காட்டியது, அதற்கும் ஒரு ரிங் எழுதிப் போட்டிருக்கிறேன். மஞ்சள் குங்குமம் வைக்கும் முன் ப்ளோயரை ஒரு தடவை ஓட்டச் சொன்னார் அண்ணன். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை பேரிங் ஹோசிங்கில் வைத்து, பிடியைக் காதில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டார். அப்புறம் ஸ்க்ரூ டிரைவரை என்னிடம் நீட்டினார். உள்ளே காற்று ஓடுகிற சத்தம் மாதிரி ஒரே சீரான இரைச்சல், வேறொன்றும் இல்லை.